நாலு மணிச் சங்கு

எங்கள் பேரூராட்சி அலுவலக மாடியில் இருக்கும் சங்கு, உலகப் போரின்போது வைத்தது என்பார்கள். விமானம் குண்டு போட வந்தால் ஜனங்களை எச்சரிப்பதற்கு. பென்னாகரம் பக்கம் எந்த விமானமும் தலைகாட்டவில்லை. சும்மா கிடப்பானேன் என்று அதை மணி சொல்ல வைத்துவிட்டார்கள். காலை ஒன்பது, மதியம் ஒன்று, மாலை ஆறு. பொத்தானை அழுத்துவது என் வேலை. கடலைக்காட்டில் களையெடுப்பவர்கள், இடுப்பில் செல்போன் இருந்தாலும், சங்கு ஊதினால்தான் கரையேறுவார்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரையால் கண் போய்விட்டது. ஆனாலும் இன்சுலின் ஊசியை மட்டும் யாரையும் போட விடமாட்டார். பேனா மாதிரி இருக்கும் ஊசி. திருகும்போது வரும் சத்தத்தை எண்ணித் தானே போட்டுக்கொள்வார். ஆறு மணிக்கு நான் ஊதுவேன், அவர் போட்டுக்கொள்வார், நான் ஐந்து நிமிடம் நடந்து வீட்டுக்குப் போய்ச் சோறு போடுவேன். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி ஆளைச் சாய்த்துவிடும்.

போர் ஒத்திகை என்று ஒருமுறை உத்தரவு வந்தது. நாலு மணிக்குச் சங்கை ஏற்றி இறக்கி ஊத வேண்டும். ஊர் வீட்டுக்குள் அடங்க வேண்டும். முக்கால் மணி நேரம் கழித்து ஒரே சீராக ஊதினால் ஆபத்து நீங்கியது என்று அர்த்தம். ஆட்டோவில் மைக் கட்டி இரண்டு நாள் தெருத்தெருவாக நானே சொன்னேன். எங்கள் சந்துக்குள் ஆட்டோ நுழையாது. வீட்டில்தானே, சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். சொல்லவில்லை.

நாலு மணிக்கு ஊதினேன். உள்ளே போகச் சொன்ன நேரத்தில், காட்டிலிருந்த பெண்களெல்லாம் களைக்கொத்தோடு ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். ஒத்திகையைப் பார்க்க வந்திருந்த அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே நினைவு வந்தது. அப்பாவும் கேட்டிருப்பாரே.

போன் போட்டேன். எடுக்கவில்லை. சீர்ச் சங்கு ஊதும்வரை பொத்தானை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அதிகாரி விட்டிருப்பார், நல்ல மனுஷர்தான். ஊருக்கெல்லாம் சொன்னவள் வீட்டில் சொல்லவில்லையா என்பாரோ என்று வெட்கமாக இருந்தது. நேரம் முடியும்வரை அங்கேயே நின்றேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சீர்ச் சங்கை ஊதிவிட்டு ஓடினேன். அப்பா சுவரில் சாய்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கை வெடவெடவென்று ஆடியது. எதிரில் சோற்றுக்காக எடுத்துவைத்த காலித் தட்டு. போன் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. சர்க்கரையை அள்ளி அவர் வாயில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்தார்.

பயம் போனதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வெயிலு கூட இன்னும் இறங்கலையேப்பா. சங்கும் என்னைக்கும் போல ஊதல. தெரியாமயா ஊசி போட்டுக்கிட்டீங்க?" என்றேன்.

"தெரிஞ்சுதாம்மா இருந்துச்சு. வெயிலு மேல அடிச்சுதே," என்றார். "ஆனா ஊதறது நீயாச்சே. நீ தப்பா ஊதுவியா?"