துருக்கி இலை

மன்னவனூரில் கல்யாணமோ காதுகுத்தோ, பந்தியில் தங்கமுத்து நின்றாக வேண்டும். தோட்டத்தில் அவர் பேச்சைக் கேரட்டுகூடக் கேட்டதில்லை. பந்தியில் அவர் வைத்ததுதான் சட்டம். இலையின் நுனி இடப்பக்கம் இருக்க வேண்டும். கடைசி ஆள் மோர் குடிக்கும்வரை முதல் ஆள் எழக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, இலை மூடுகிற விஷயம். நல்ல காரியத்தில் எதிர் ஓரத்தைத் தூக்கித் தன் பக்கமாக மடக்கினால், உறவு தொடரட்டும் என்று அர்த்தம். எதிர்ப்பக்கமாகத் தள்ளி மூடினால், இனி உங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று அர்த்தம். இதில் தப்புச் செய்த மச்சினனை, நூறு பேர் முன்னால் இலையை விரிக்க வைத்து மறுபடி மூட வைத்த ஆள் அவர். மச்சினன் இன்றுவரை பேசுவதில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதரைக் கொடைக்கானலில் ஒரு துருக்கி ஓட்டலில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். மகள் சண்முகப்பிரியாவுக்குச் செல்வமுருகனைப் பிடித்திருந்தது. பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் அவன் அப்பா குருநாதனும் சரி சொல்லிவிட்டார். அம்மா சிவபாக்கியம் மட்டும், "பொண்ணு வீட்டாளுகளோட ஒரு வேளை ஒக்காந்து சாப்பிட்டுட்டுச் சொல்றேன்" என்று நிறுத்தி வைத்திருந்தாள். ஓட்டலைப் பிடித்தது பையன்.

"அப்பா, இன்னைக்கு ஒரு நாளு யாரையும் திருத்தாதீங்க" என்று பஸ்ஸிலேயே கெஞ்சியிருந்தாள் மகள்.

"நான் எதுக்குத்தா வாயத் தெறக்கப் போறேன்."

தட்டுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் அகலமாக, மெல்லிசாக ஒன்று விரித்து, அதன்மேல் கம்பியில் சுட்ட கோழியும் கருகிய தக்காளியும். தங்கமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இலை! குளிர் தேசத்தில் வாழைக்கு எங்கே போவான், மாவிலேயே இலை சுட்டுக்கொள்கிறான், கெட்டிக்காரப் பயல். தண்ணீர் தெளிக்க விடாமல் கறியோடே கொண்டு வந்ததுதான் குறை.

கோழி பாதி இறங்கியிருக்கும். பக்கத்தில் குருநாதன் இலையைக் கிழித்தார். தயிரில் தோய்த்தார். தின்றார்.

மச்சினனாக இருந்தால் தங்கமுத்து கையைப் பிடித்திருப்பார். இவர் சம்பந்தியாகப் போகிறவர். நாலு பேர் பார்த்துச் சிரித்தால் மகள் வாழ்க்கையல்லவா கெட்டுப்போகும். சம்பந்தி மானத்தைக் காப்பாற்ற வழி ஒன்றுதான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு தன் இலையையும் கிழித்து வாயில் போட்டார். முப்பது வருஷம் பந்தி பார்த்தவன் இலை தின்கிறான். சனியன், நன்றாக வேறு இருந்தது.

பிறகு தங்கமுத்து, குருநாதனின் காதோரம் குனிந்தார். "சங்கடப்படாதீங்க. நானும் தின்னுட்டேன். வெளிய சொல்லிக்க வேண்டாம்."

"எதைண்ணே?"

"இலையைத்தான்."

ஓட்டல்காரர் தமீம் அன்சாரி அந்த நேரம் பார்த்தா பக்கத்தில் நிற்க வேண்டும். "ஐயா, அது ரொட்டிங்க" என்றார் தன்மையாக. குருநாதன் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. சண்முகப்பிரியா முகத்தை மூடிக்கொண்டாள். எல்லாம் போச்சு என்று தங்கமுத்து குறுகிப்போனார். பெற்ற மகளின் கல்யாணத்தைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டோமே என்று நொந்துகொண்டார்.

சிவபாக்கியம் சிரிக்கவில்லை. அவள் தட்டில் கோழி தீர்ந்திருந்தது. ரொட்டி மட்டும் ஒரு விள்ளல் கிழியாமல் அப்படியே கிடந்தது. அவள் கை நீண்டது. தங்கமுத்து அந்தக் கையையே பார்த்தார். கை எதிர் ஓரத்துக்குப் போய், ரொட்டியைத் தூக்கித் தன் பக்கமாக மடக்கியது.

"நானும் இலைன்னுதாண்ணே நெனச்சேன்" என்றாள். "இந்த மனுசன் திங்கிறதப் பாத்து மானம் போகுதேன்னு கெடந்தேன். நீங்க தொணைக்குத் தின்னீங்க பாருங்க, அது போதும். வைகாசியில தேதி பாருங்க. பந்தி நீங்கதான் பாக்கணும்."

மடிப்பு ஒரு பக்கம் கோணலாக இருந்தது. தங்கமுத்து திருத்தவில்லை.