காரைக்குடி ரோட்டில் இருபத்தாறு மைல்

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து நான்கு வயது. சேலத்தில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையில் எழுத்தராக இருந்தேன். காரைக்குடியில் ஒரு விளையாட்டுக் கழகத்தார் இருபத்தாறு மைல் மாரத்தான் ஓட்டம் நடத்துவதாகவும், யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம் என்றும் பேப்பரில் சின்னதாக ஒரு செய்தி வந்திருந்தது. அன்றைக்கே கார்டு எழுதிப் போட்டுவிட்டேன். வீட்டில் மட்டும் சொல்லவில்லை. நண்பன் கல்யாணம் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பதினேழு வயதில் எனக்குக் காசநோய் வந்தது. ஆஸ்பத்திரியில் ஏழு மாதம் படுத்திருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் ஊசியும் மாத்திரையுமாக ஒன்றரை வருடம் ஓடியது. பிறகு எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த டாக்டர், முழுசாகக் குணமாகிவிட்டது என்று எழுதியே கொடுத்தார். ஆனால் அந்தக் காகிதத்தை எங்கள் தெருவில் யாரும் படிக்கவில்லை. கல்யாண வீடுகளில் என் பக்கத்து இலை காலியாகவே இருக்கும். இருமினால் போதும், அம்மாவின் முகம் வெளுத்துவிடும். "அதிகமாப் பேசாதடா, மூச்சு வாங்கும்" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் யாருக்கும் தெரியாமல் அதிகாலையில் நடக்க ஆரம்பித்தேன். நடை ஓட்டமானது. ஒரு மைல், மூன்று மைல், பத்து மைல். இருபத்தாறு மைல் ஓடி முடித்துவிட்டால் என் நெஞ்சைப் பற்றி இனி ஒருத்தரும் வாய் திறக்க முடியாது என்று ஒரு வெறி எனக்குள் இருந்தது.

காலை ஐந்தரை மணிக்கு விசில் ஊதினார்கள். மொத்தம் முப்பத்திரண்டு பேர். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகப் போய், கீழச்சிவல்பட்டிப் பக்கம் போட்டிருந்த ஒரு மேசையைச் சுற்றிக்கொண்டு அதே வழியில் திரும்ப வேண்டும். பனி விலகாத நேரம். உடம்பு காற்று மாதிரி இருந்தது. முன்னால் ஓடியவர்கள் போலீஸ்காரர்களும் கல்லூரி மாணவர்களும். அவர்களுக்கு நான் எந்த விதத்தில் குறைச்சல் என்று நினைத்து, என் வேகத்தை மறந்து அவர்களோடு ஒட்டிக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு. திரும்பும் இடத்தை ஏழரை மணிக்குத் தொட்டபோது ஏழாவதாக இருந்தேன். அங்கே தண்ணீர் கொடுத்தார்கள். நிற்கக்கூட இல்லை. ஒரு வாய் குடித்துவிட்டு ஓடினேன்.

வெயில் ஏறியது. பதினாறாவது மைலில் கால்கள் கட்டை மாதிரி ஆகிவிட்டன. ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். புதிதாக வாங்கிய கான்வாஸ் ஷூ குதிகாலை அறுத்தது. பதினெட்டாவது மைலைத் தாண்டியதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ரோட்டோரச் சரளைக் கல்லில் முகம் குப்புற விழுந்தேன்.

எழுந்து உட்கார்ந்து இருமினேன். வாயில் ஏதோ உப்புக் கரித்தது. துப்பினேன். ரத்தம்.

அதைப் பார்த்ததும் எனக்குள் எல்லாமே நின்றுபோனது. பதினேழு வயதிலும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் இருமினேன், துப்பினேன், சிவப்பாக இருந்தது. மறுபடியும் வந்துவிட்டது, நானே ஓடி ஓடி அதை வரவழைத்துவிட்டேன் என்று தோன்றியது. ரோட்டில் உட்கார்ந்து அழுதேன். அம்மாவிடம் என்ன சொல்வேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

ரோட்டை ஒட்டிய கடலைக் கொல்லையில் ஒருவர் மாடுகளைப் பூட்டிக் கமலையில் கிணற்றுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டிருந்தார். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கலாம். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"என்ன தம்பி, இங்குட்டு ஒக்காந்துட்டீக? அந்தா, அங்குட்டு நெழலுக்கு வாங்க."

"கிட்ட வராதீங்கக்கா. எனக்கு டி.பி. ரத்தம் வருது" என்றேன். வெளியாள் ஒருவரிடம் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் நிற்கவில்லை. பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"வாயத் தொறங்க... அட, ஒதட்டுக்கு உள்ள கிழிஞ்சு தொங்குது. விழுந்தப்ப பல்லு குத்தியிருக்கு. இது நெஞ்சுல இருந்து வந்த ரெத்தமில்ல தம்பி."

நாக்கால் தொட்டுப் பார்த்தேன். உண்மைதான். கீழுதட்டில் உள்பக்கம் ஒரு வெட்டு. அதுவரை வலிக்காதது, தெரிந்ததும் சுரீர் என்று வலித்தது. அந்த வலி அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அவர் கொல்லைக்குப் போய்த் தூக்குச்சட்டியில் பழைய சோற்று நீச்சத்தண்ணியும் இரண்டு சின்ன வெங்காயமும் கொண்டு வந்தார். உப்பைக் கையாலேயே கலக்கினார். நான் இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து நீட்டினேன்.

"ஏன் கையேந்துறீக? சட்டியப் பிடிச்சுக் குடிங்க."

"இல்லக்கா. வீட்டிலயும் எனக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர்தான்."

"இன்னுமா சீக்கு இருக்கு?"

"இல்ல. குணமாகி அஞ்சு வருசமாச்சு. டாக்டரே சொல்லிட்டாரு."

"டாக்டரே சொல்லிட்டாருல்ல. அப்பறம் என்ன?" என்று சட்டியை என் கையில் திணித்தார்.

வாய் வைத்துக் குடித்தேன். பாதிச் சட்டி காலியானது. அதை வாங்கிய அவர், மீதி இருந்ததை அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், விளிம்பில் வாய் வைத்து மடமடவென்று குடித்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் காட்டுவதற்காகச் செய்யவில்லை. அவருக்கும் தாகம், அவ்வளவுதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போது பின்னாலிருந்து கழகத்து ஜீப் வந்து நின்றது. ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு வரும் ஜீப். உள்ளே ஏற்கெனவே நாலைந்து பேர் துவண்டு கிடந்தார்கள். முன்னால் இருந்தவர், "ஏறுங்க சார். நீங்கதான் கடைசி. பதினொன்றரைக்கெல்லாம் முடிச்சிருவோம்" என்றார். மணி ஒன்பது தாண்டியிருந்தது. இன்னும் எட்டு மைல்.

"பேசாம அதுலயே ஏறிப் போங்க தம்பி. காலெல்லாம் ரெத்தமாக் கெடக்கு" என்றார் அந்த அக்காவும்.

எனக்கே ஆச்சரியமாக இருந்தது, என் வாயிலிருந்து வந்த பதில். "இல்லக்கா. நான் ஓடணும்."

"ஓடித்தான் ஆகணுமா?"

"ஆமா."

என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கணவரைக் கூப்பிட்டார். "இந்தாங்க, சைக்கிள எடுங்க. தண்ணியத் தூக்கிக்கிட்டு இவுக கூடப் போயிட்டு வாங்க. கமலைய நான் பாத்துக்கிறேன்."

ஜீப் முன்னால் போய்விட்டது. ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். வெறுங்காலோடு ஓட ஆரம்பித்தேன். அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. நூறு அடி ஓட்டம், ஐம்பது அடி நடை. பக்கத்தில் சைக்கிளில் அந்த அண்ணன். அவருக்கு விஷயமே புரியவில்லை.

"யாருமே வெரட்டல, பின்ன எதுக்குத் தம்பி இப்புடி ஓடுறீக? பரிசு பெருசோ?"

"எனக்குப் பரிசு கிடைக்காதுண்ணே. எல்லாரும் போயிட்டாங்க."

"அதுஞ் சரி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் திரும்பிப் போகவில்லை. குன்றக்குடி மலை எதிரே வந்து, பக்கவாட்டில் நகர்ந்து, முதுகுக்குப் பின்னால் போனது. தார் ரோடு சுடச் சுட ஓரத்துச் செம்மண்ணில் ஓடினேன். நான் நின்றபோதெல்லாம் தலையில் தண்ணீரை ஊற்றினார். கடைசி மூன்று மைலில் என் தொடை நரம்பு சுருட்டி இழுத்தது. அப்போது அவர் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு, என் கூடவே நடந்தார். ஒருமுறைகூட 'போதும் விடுங்க' என்று சொல்லவில்லை.

காரைக்குடிக்குள் நுழைந்து மைதானத்தைப் பார்த்தபோது, முடிவுக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்று நினைத்துவிட்டார்களாம். அந்த அண்ணன் சைக்கிளில் ஏறி எனக்கு முன்னால் பறந்தார்.

"மணியப் பாருங்கய்யா! இன்னும் ரெண்டு நிமிசம் கெடக்குல்ல. அந்தா வாராரு பாருங்க, கயித்தப் பிடிங்க!"

கயிறு கட்டியிருந்த கம்பங்களை ஏற்கெனவே பிடுங்கிவிட்டார்கள். அதனால் கயிற்றின் ஒரு முனையைக் கழகத்துக்காரர் பிடித்தார். மறுமுனையை, மடித்துக் கட்டிய வேட்டியோடு, சேறு காய்ந்த காலோடு, அந்த அண்ணன் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அதை நெஞ்சால் தொட்டேன். என் நெஞ்சால்.

ஓடி முடித்த பத்தொன்பது பேரில் நான் பத்தொன்பதாவது. பெயரை எழுதிக்கொண்டு, ஒரு துண்டும் இரண்டு வாழைப்பழமும் கொடுத்தார்கள். ஒரு பழத்தை அந்த அண்ணனிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று எவ்வளவோ கெஞ்சினேன்.

"அவ ஒத்தையில மாட்டோட மல்லுக்கட்டிக்கிட்டு இருப்பா தம்பி, வாரேன்" என்று சைக்கிளைத் திருப்பிவிட்டார். பெயரைக் கேட்கத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.

சேலம் திரும்பியதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அடித்தாள். பிறகு என் பாதக் கொப்புளங்களுக்கு மஞ்சள் அரைத்துப் போட்டுக்கொண்டே அழுதாள். எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தபோது, மறைக்கச் சொன்ன உறவினர்களைக் கேட்காமல், எனக்கு என்ன நோய் இருந்தது என்பதையும், பிறகு நான் ஓடியதையும் பெண் வீட்டாரிடம் நானே சொன்னேன். இரண்டு வீட்டார் போய்விட்டார்கள். மூன்றாவது வீட்டுப் பெண், 'இருபத்தாறு மைல் ஓடினவரா?' என்று மட்டும் கேட்டாளாம். அவள்தான் என் மனைவி.

அதற்குப் பிறகு பல ஊர்களில் ஓடியிருக்கிறேன். இதைவிட நல்ல நேரத்தில் முடித்திருக்கிறேன். ஆனால் நான் குணமாகிவிட்டேன் என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்ததை முதன்முதலாக நம்பியவர், பெயர்கூடத் தெரியாத அந்த அக்காதான். நானே அவருக்குப் பிறகுதான் நம்பினேன்.