மாப்பிள்ளையைத் திட்டாத சென்னியப்பன்

பல்லடத்துக் கோழிக்கடைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சென்னியப்பனின் வாயைப் பற்றிச் சொல்வார்கள். பண்ணையில் கோழி ஏற்றத் தாமதமானால் திட்டுவார், கடையில் இறக்கத் தாமதமானால் திட்டுவார், ரோட்டில் முன்னால் போகிற பஸ்ஸையும் விடமாட்டார். அந்த வாய் சும்மா வரவில்லை. அவருடைய அப்பன் காலமெல்லாம் அடுத்தவன் தோட்டத்தில் பண்ணையத்து ஆளாக இருந்து, எதிர்த்து ஒரு சொல் பேசாமலே செத்துப்போனவர். சொந்தமாக ஒரு பழைய வேன் வாங்கிய அன்றைக்கே, இனி எவன் முன்னாலும் வாயை மூடிக்கொண்டு நிற்பதில்லை என்று சென்னியப்பன் முடிவு கட்டிவிட்டார்.

ஒரே ஒரு ஆளைத் தவிர. அது மாப்பிள்ளை ரூபன்.

மாப்பிள்ளையை ஒரு சொல் சொல்லக் கூடாது என்பது இந்தப் பக்கத்துச் சட்டம். பெண்ணைக் கொடுத்தவன் தணிந்துதான் போக வேண்டும், வாயை விட்டால் அது பெண் தலையில்தான் விடியும் என்பார்கள். நல்ல சட்டம். இதைப் போட்டவன் வீட்டில் பெண் பிள்ளை இருந்திருக்காது.

ரூபன் குடித்தால் சென்னியப்பனின் மகள் லோகப்பிரியாவை அடிப்பான். குடிக்காத நாளில் அடிக்க வேறு காரணம் வைத்திருப்பான். இரண்டு தடவை அவள் மேட்டுப்பாளையத்திலிருந்து பையோடு அப்பன் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு தடவையும் சென்னியப்பன் அவளை வேனில் ஏற்றிக்கொண்டு போய், ஒரு சீப்புப் பழமும் மிக்சரும் வாங்கிக் கொடுத்து, மாப்பிள்ளை வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு, "பாத்துக்கோங்க மாப்ள" என்று விட்டுவிட்டு வந்தார்.

இப்போது மூன்றாவது தடவை. ரூபனே கூப்பிட வந்திருந்தான். இந்த முறை போனால் புள்ளை உசுரோடு திரும்பாது என்று அவர் மனைவி சின்னத்தாயி அடுப்படியில் அழுதாள். "பின்ன ஊட்லயே வெச்சுக்கறதா? நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்று சென்னியப்பன் அவளைத்தான் திட்டினார்.

வந்த மாப்பிள்ளை காலையில் வேன் சாவியைக் கேட்டான். வாட்டர் பம்பு ஒரு வாரமாகவே கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. அடியில் தண்ணீர் வேறு சொட்டியது. "தூரமா போயிராதீங்க மாப்ள, பம்பு மாத்தோணும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். அவன் ஊரைச் சுற்றினான். நடுவழியில் ஆவி கிளம்பியதும் மளிகைக் கடையில் மஞ்சள்தூள் வாங்கி ரேடியேட்டரில் கொட்டி, ஒழுக்கை நிறுத்திவிட்டதாகப் பெருமையோடு திரும்பி வந்தான். ரேடியேட்டர் ஓட்டைக்கு அவசரத்துக்கு மஞ்சள்தூள் போடுவது டிரைவர்கள் வழக்கம்தான். பம்பில் பேரிங் போனதற்கு அதைப் போட்டால்? கால் ஒடிந்தவனுக்கு நெற்றியில் பற்றுப் போட்ட மாதிரிதான்.

மத்தியானம் இரண்டு பேரையும் மேட்டுப்பாளையத்தில் விட வேனை எடுத்தார். சிங்காநல்லூரைத் தாண்டுவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. நிறுத்தி நிறுத்தி, உக்கடத்தில் அக்பர் அலியின் பட்டறைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

அக்பர் அலி பெல்ட்டைக் கழற்றிவிட்டு பம்பைப் பிடித்து ஆட்டினார். தொளதொளவென்று ஆடியது. ரேடியேட்டரைத் திறந்துவிட்டால் மஞ்சள் சேறாகக் கொட்டியது.

"யாருங்கண்ணா இதுல கொழம்பு வெச்சது?"

சென்னியப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேலி பேசாமல் வேலையைப் பார் என்று அக்பர் அலியைத் திட்டினார். புது பம்பைக் கொண்டுவரத் தாமதம் பண்ணிய கடைக்காரரைத் திட்டினார். டீயில் சர்க்கரை அதிகம் என்று டீக்கடைக்காரரைத் திட்டினார். போனை நோண்டிக்கொண்டிருந்த ரூபன் பக்கம் மட்டும் திரும்பவில்லை. லோகப்பிரியா முன் சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்பர் அலி பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்து, புது பம்பை மாட்டி, தண்ணீர் தெளிவாக வரும்வரை ரேடியேட்டரைக் கழுவினார். "இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா எஞ்சினே போயிருக்குமுங்க" என்றார்.

ரூபன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். "பழைய டப்பா தானுங்க மாமா. நான் மஞ்சத்தூள் போடலீன்னா காலையிலயே நின்னிருக்கும்."

"எதுடா டப்பா?"

தெருவே திரும்பிப் பார்த்தது. "என்ர வண்டியத் தூரமா கொண்டு போகாதன்னு சொன்னனா இல்லியா? எஞ்சின் போயிருந்தா உங்கொப்பனா குடுப்பான்? என்ர சோத்துல மண்ணள்ளிப் போடப் பாத்தியேடா." அதற்கு மேல் சொன்னதை எழுத முடியாது. ரூபன் இரண்டடி பின்னால் போய் சுவரோடு நின்றான். சென்னியப்பனுக்கு உடம்பே லேசாகிவிட்டது. இவ்வளவுதானா இவன் என்று இருந்தது.

லோகப்பிரியா வேனை விட்டு இறங்கி வந்தாள். "ஏனுங்கப்பா, மாப்ளையத் திட்டக்கூடாதுன்னு சொன்னீங்களே. வண்டிக்குன்னா திட்டலாமுங்களா?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. சென்னியப்பன் புது பம்பை ஒரு தரம் பார்த்துவிட்டு, ரூபனிடம் திரும்பினார்.

"மாப்ள, நீங்க பஸ்ல போயிக்கோங்க. புள்ள வராது."

யாராவது சமாதானம் சொல்வார்களா என்று ரூபன் பார்த்தான். அக்பர் அலி ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவன் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான்.

"ஏறு கண்ணு, ஊட்டுக்குப் போலாம்" என்றார் சென்னியப்பன்.

அவள் ஏறவில்லை. "இத மொதத் தடவையே சொல்லியிருந்தீங்கன்னா, என்ர கடவாப்பல்லு ரெண்டும் இருந்திருக்குமுங்கப்பா."

மகளுக்குப் பல் போனதே சென்னியப்பனுக்கு அப்போதுதான் தெரிந்தது.