அக்கா கடிகாரத்தைப் பார்த்தது எதற்காக

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு அக்காவின் வாழ்க்கையை எழுதித் தரும்படி அக்காவின் கணவர், எங்கள் மாமா, என்னிடம் சொன்னார். என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் எல்லோர் முன்னிலையிலும் நான் எழுந்து கேட்ட கேள்விதான் காரணமாக இருக்கும் என்று தோன்றியது. மாமாவிடமே கேட்டேன். "அதெல்லாம் இல்லம்மா, நீ அவளுக்குத் தங்கச்சி, அவ்ளோதான்" என்றார். நான் நம்பவில்லை. அன்று நடந்ததைப் பற்றி உறவினர்கள் ஆளுக்கொரு விதமாகப் பேசுவதும் எனக்குத் தெரியும். அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கா பெருமுக்கலில் பிறந்தார். அப்பாவுக்கு அங்கே சொந்த நிலம் இருந்தது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் நாட்களில் அக்காவும் கொல்லையில் இறங்கி வேலை செய்துவிட்டு, மண் போகாத விரல்களோடு திண்டிவனத்துக்குப் பள்ளிக்கூடம் போவார். எங்கள் தெருவில் உயர்நிலைப் பள்ளியை முடித்த முதல் பெண் அவர்தான். ஆசிரியப் பயிற்சி முடித்துத் திண்டிவனத்திலேயே பள்ளியில் சேர்ந்தார். மாமாவை மணந்த பிறகும் அஞ்சல் வழியில் பட்டங்கள் பெற்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பொய் சொல்லியும் கேட்டதில்லை. ஆனால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்றும் சொல்ல முடியாது.

நாற்பது வயதுக்கு மேல், வேலையில் இருந்துகொண்டே, கல்வியியலில் டாக்டர் பட்டத்துக்கு அக்கா பதிவு செய்தார். தலைமையாசிரியை பதவிக்கு அடிபோடுகிறார் என்று உடன் வேலை செய்தவர்கள் பேசினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சனிக்கிழமைகளில் பாசஞ்சர் ரயிலில் சென்னைக்குப் போய், தம்மை வழிநடத்திய பேராசிரியரைப் பார்த்து வருவார். ரயிலிலேயே விடைத்தாள் திருத்துவார். அந்த நாட்களில் சமையல் மாமாவுடையது. "என்னக்கா ஆராய்ச்சி?" என்று கேட்டதற்கு, "வகுப்புல கேள்வி கேக்கறதப் பத்தி" என்றார். தினமும் செய்கிற வேலைக்கு ஆராய்ச்சி எதற்கு? எதையோ மறைக்கிறார் என்று அப்போதே பட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வருவார். என் மகன் செந்திலுக்கு அப்போது நான்கு வயது. தாமதமாகப் பேசத் தொடங்கிய பிள்ளை. எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. பள்ளியில் சேர்த்துக்கொள்வார்களா, மந்தம் என்று ஒதுக்கிவிடுவார்களா என்பதே எனக்கு ஓயாத கவலையாக இருந்தது. அக்கா அவனை எதிரில் உட்காரவைத்து ஏதாவது கேட்பார். கேட்டதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

இதை முதலில் கவனித்தவர் என் கணவரின் தமக்கை. நான் அண்ணி என்று அழைப்பவர்.

"இன்னா உங்கக்கா, புள்ளயக் கேள்வி கேட்டுட்டு வாச்சையே பாத்துக்கினு கீறாங்க?"

"சும்மா பாக்கறாங்க அண்ணி."

"சும்மாவா? பரீட்சைக்கு எழுதறாங்கன்னு நீதான சொன்ன? புள்ள மக்குன்னு புஸ்தகத்துல ஏத்திட்டா? நாளைக்குப் பொண்ணு குடுக்கறவன் அதப் படிச்சான்னா?"

நான்கு வயதுப் பிள்ளைக்குப் பெண் பார்க்கும் கவலை. அப்போது சிரித்தேன். அண்ணி போன பிறகு சிரிப்பு வரவில்லை. அச்சில் ஏறிவிட்டால் அழிக்க முடியாது என்று ஒரே பதைப்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பழங்கள், நிறங்கள், மாதங்கள் எல்லாவற்றையும் செந்திலுக்கு மனப்பாடம் செய்வித்தேன். அக்கா வந்து, "மழை பெஞ்சா எறும்பு எங்கடா போவும்?" என்று கேட்டார். நான் சொல்லிக்கொடுத்ததில் அது இல்லை. பிள்ளை விழித்தான். அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "புத்துக்குப் போவும்னு சொல்லுடா" என்று நானே சொல்லிவிட்டேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

இப்படியே ஆய்வு முடிந்தது. டாக்டர் பட்டத்தின் கடைசித் தேர்வு மூடிய அறையில் நடப்பதில்லை. அறிவிப்பு ஒட்டுவார்கள். யாரும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். கேட்கலாமே தவிர, யாரும் கேட்பதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. செந்திலைக் கூட்டிக்கொண்டு மாமாவோடு நானும் சென்னைக்குப் போனேன். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. நான் பி.யு.சி. படித்தவள்தான், ஆனாலும் அந்த வேகத்துக்குப் பாதிதான் புரிந்தது. 'ஒரு குழந்தை', 'வீட்டில்', 'நொடிகள்' என்று அக்கா சொன்னது மட்டும் நன்றாகக் காதில் விழுந்தது. செந்திலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

தேர்வாளர் சபையைப் பார்த்து, யாருக்காவது கேள்வி உண்டா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தேன். மாமா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"அந்தக் குழந்தை இவனா?" என்று தமிழில் கேட்டேன். "இவன் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து எழுதியிருக்கிறீர்களா?"

அக்கா உடனே பேசவில்லை. தேர்வாளர் குறுக்கிட வந்தார். அக்கா கையால் தடுத்தார். பிறகு தமிழில் சொன்னார்:

"இவன்தான். ஆனா நான் அளந்தது இவனை இல்ல, என்னை. கேள்வி கேட்ட டீச்சர் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதுதான் என் ஆய்வு. மற்ற டீச்சர்களை அளக்கும் முன்னால் என்னை அளந்துகொள்ள வேண்டாமா? வகுப்பில் என்றால் மணி அடித்துவிட்டது என்று சாக்குச் சொல்லலாம். ஒரே ஒரு பிள்ளை முன்னால் என்ன சாக்கு? ஆரம்பத்தில் மூன்று நொடிகூட என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. இவன் பதில் சொல்லாமல் விட்டதே இல்லை. யாரும் குறுக்கே வராமல் இருந்தால் போதும்."

பின் வரிசையில் சிலர் சிரித்தார்கள். யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த 'யாரும்' யார் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஊர் திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லக்கா?"

"சொல்லியிருந்தா அதுக்கும் அவன உக்காரவச்சி டிரெயினிங் குடுத்திருப்ப. வுடுடி. உன் கேள்விதான் அங்க உருப்படியான கேள்வி."

"எறும்புக்கு இன்னா பதில் சொன்னான்?"

"நீ உள்ள போனப்புறம் சொன்னான். பக்கத்து வீட்டுக்குப் போவுமாம்."

திண்டிவனத்தில் இறங்கும்வரை அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். என் மனம் நோகாமல் இருக்கத்தான் அப்படிச் சொன்னாரோ என்று சில நாள் எனக்குத் தோன்றும். கேட்டுத் தெரிந்துகொள்ள இனி வழியில்லை.

பட்டம் வாங்கிய அடுத்த வருடமே அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நினைவு தெளிவாக இருந்தது, பேச்சுதான் தடைப்பட்டது. வந்தவர்கள் எல்லோரும் அக்காவிடம் கேள்வி கேட்டுவிட்டு, பதிலையும் தாங்களே சொல்லிவிட்டுப் போனார்கள். வலிக்குதா, வலிக்கல. தூக்கம் வருதா, தூங்கட்டும். நானும் அதையேதான் செய்தேன்.

ஒரு நாள் காலையில் நர்ஸம்மா, "இட்லி தரட்டுமா, கஞ்சி தரட்டுமா?" என்று அக்காவைக் கேட்டார். "கஞ்சி" என்றார் மாமா. "இட்லியக் கரைச்சிக் குடுங்க" என்றேன் நான்.

அப்போது முதல் வகுப்பில் சேர்ந்திருந்த செந்தில், "இரும்மா, பெரியம்மா சொல்லுவாங்க" என்றான்.

நின்றோம். அக்காவின் உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. எனக்கு வாயில் வார்த்தை வந்து முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். நர்ஸம்மாவும் பாத்திரத்தோடு அப்படியே நின்றார்.

"காபி" என்றார் அக்கா.

அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பிறகு இருந்த சில நாட்களில் அக்கா கேட்டதெல்லாம் கிடைத்தது. அமைதியாகக் கண்மூடினார்.

அக்காவின் வகுப்புகளைத் தாமே பார்த்துக்கொண்ட உடன் ஆசிரியைகளுக்கும், ஆய்வேட்டை முகம் சுளிக்காமல் மறுபடி மறுபடி தட்டச்சு செய்து கொடுத்த திண்டிவனத்துத் தம்பிக்கும், பாத்திரத்தோடு நின்ற நர்ஸம்மாவுக்கும், இறுதிச் சடங்குக்குக் கெடாரிலிருந்தும் பெருமுக்கலிலிருந்தும் வந்து தோள்கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒன்று. இந்த மலரை உங்கள் கையில் கொடுக்கப்போவது செந்தில்தான். பெயர் என்ன, என்ன படிக்கிறாய் என்று அவனைக் கேட்கத்தான் போகிறீர்கள். சிலர் என்னை நம்பாமல் அவனைச் சோதித்தும் பார்ப்பீர்கள். கேளுங்கள். கேட்டுவிட்டு, கொஞ்சம் இருங்கள். நான் பக்கத்தில்தான் நிற்பேன், வாய் திறக்க மாட்டேன்.