உள்பக்கத் தாழ்ப்பாள்

கதவை மூடுகிறார். தலையைச் சாய்த்துக் கேட்கிறார். மறுபடி திறந்து, இந்த முறை கொஞ்சம் மெதுவாக மூடுகிறார். ஞாயிறு ஆராதனைக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டை இன்னும் உடம்பில் இருக்கிறது. அதன் பையில் ஒரு திருப்புளி. “டொப்புனு கேக்கக் கூடாது சார். மெத்துனு கேக்கணும். அப்பதான் கதவோரத்து ரப்பர் பீடிங் சரியா உக்காந்திருக்குன்னு அர்த்தம்” என்கிறார் என்னிடம். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கிறது. அதைச் சொன்னால் மதியச் சாப்பாடு வரை மூடி மூடிக் காட்டுவார். ஆகவே, “இப்ப மெத்துனு கேக்குது” என்று சொல்லிவைத்தேன். வில்பிரட்டின் முகம் மலர்ந்துவிட்டது.

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் எங்கள் தெருவில் அவர் வீடு எனக்கு எதிர்வீடு. காம்பவுண்டுக்குள் வேப்பமரத்தடியில் நிற்கிற அந்தச் சின்ன டிரெய்லரைத் தெருவே ‘பொட்டி’ என்கிறது. இரண்டு சக்கரம், அலுமினியத் தகடு போர்த்திய உடம்பு, உள்ளே இரண்டு பேர் படுக்க ஒரு மெத்தை, ஒற்றை அடுப்பு. ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்துப் போகலாம். போன இடத்தில் அதற்குள்ளேயே தங்கிக்கொள்ளலாம். இணையத்தில் யாரோ ஒரு அமெரிக்கக்காரர் செய்து காட்டியதைப் பார்த்து ஆசைப்பட்டு, திருமுடிவாக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் அயூப் பாயிடம் சொல்லிச் செய்து வாங்கினார். வந்து மூன்று வருடமாகிறது. அது இதுவரை பார்த்த ஊர் எங்கள் தெரு மட்டும்தான்.

வண்டி நகராவிட்டால் என்ன, கதவு வளர்ந்துகொண்டே இருக்கிறது. மழைத்தண்ணீர் உள்ளே ஒழுகாமலிருக்கக் கதவுக்கு மேலே ஒரு பட்டை. காற்றில் படாரென்று அடித்துக்கொள்ளாமல் பிடித்துக்கொள்ள ஒரு காந்தம். தாம்பரத்துக் கொசுவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகக் கதவுக்கு உள்ளே ஒரு வலைத்திரை. பழைய ஜீன்ஸ் பேண்டின் பைகளை வெட்டி உள்பக்கம் ஒட்டியிருக்கிறார். ஒன்றில் டார்ச், ஒன்றில் சீப்பு, ஒன்றில் தலைவலித் தைலம். மடக்கினால் கதவோடு ஒட்டிக்கொள்ளும், இறக்கினால் இரண்டு டீ டம்ளர் வைக்க இடம் தரும் ஒரு பலகை. எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: “சின்ன வேலைதான் சார்.”

சின்ன வேலைதான். ஆனால் அவர் கையில் அது லேசில் முடியாது. குரோம்பேட்டையில் ஒரு பொறியியல் கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்கிப் பழகிய கை அது. டிரில்லைப் பிடித்தால் ஓட்டை எப்போதும் பென்சில் குறிக்குப் பக்கத்து வீட்டில் விழும். உடனே டிரில்லைத் திட்டுவார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். ஜீன்ஸ் பைகளில் ஒன்று இன்றைக்கும் ஒருபக்கம் தொங்குகிறது. அதை மட்டும் யாரும் சொல்லிக் காட்டக் கூடாது.

இவ்வளவு பாடும் மெட்டில்டாவுக்காக. அவர் மனைவி. மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் சுஜி நடக்கப் பழகும் முன்பே போனவர். இப்போது சுஜி பெங்களூரில் கல்லூரிப் படிப்பில் இருக்கிறாள். இத்தனை வருடமும் மெட்டில்டாவுக்கு ஆஸ்பத்திரி விடுதியில், மற்ற நர்ஸுகளோடு சேர்ந்து ஓர் அறை. ஒருத்தி டியூட்டிக்குக் கிளம்புவாள், ஒருத்தி டியூட்டி முடிந்து வருவாள். அறைக்கதவு எந்த நேரமும் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். லீவில் சேலையூர் வந்தால் இங்கே அதற்கு மேல். சொந்தக்காரர்கள், சபையார், தெருக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு ரிப்போர்ட்டோடு வந்துவிடுவார்கள். “சிஸ்டர், இந்த சுகர் ரிப்போர்ட்ட கொஞ்சம் பாருங்களேன்”, “சிஸ்டர், பிபி பாக்கிற மெஷின் வாங்கிருக்கேன், ஒருதடவை போட்டுக் காட்டுங்களேன்.” லீவுக்கு வந்த நர்ஸை நோயாளி இல்லாமல் விடக் கூடாது என்று எங்கள் பகுதியில் ஒரு எழுதாத சட்டம் உண்டு.

நாலு வருடத்துக்கு முன்னால், கடைசியாக லீவுக்கு வந்துவிட்டு விமானம் ஏறப் போகிற அன்று மெட்டில்டா இவரிடம் சொன்னாராம்: “ஏங்க, எனக்கு ஊரும் வேணாம், கோயிலும் வேணாம். ஒரு கதவச் சாத்திட்டு, உள்ள தாழ்ப்பா போட்டுட்டுத் தூங்கணும். யாரும் தட்டக் கூடாது. அவ்ளோதாங்க.” மற்றவர்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். வில்பிரட் கதவு செய்யப் புறப்பட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை மெட்டில்டாவுக்கு ஓய்வு நாள். அன்றைக்கு மாலை வில்பிரட் கல்லூரியிலிருந்து வந்ததும் போனைக் கதவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பார். அங்கிருந்து குரல் வரும்: “கைப்பிடி உயரமா இருக்குங்க. எனக்கு எட்டாது.” அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கைப்பிடி ஒரு சாண் கீழே இறங்கியிருக்கும், பழைய ஓட்டைகளின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மெட்டில்டா குள்ளம். கதவில் இருக்கும் எல்லாமே அவர் உயரத்துக்குத்தான். வில்பிரட் அதைத் திறக்கும்போது குனிகிறார்.

உள்பக்கத் தாழ்ப்பாள்தான் அவர் செய்ததிலேயே உருப்படியான வேலை. அதற்கு மட்டும் மூன்று தாழ்ப்பாள் வாங்கி, இரண்டைத் தூக்கிப் போட்டார். கடைசியில் கனமான பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று, எண்ணெய் விட்டு, விரலால் தள்ளினாலே போய் உட்காரும்படி. உள்ளே போட்டுவிட்டால் வெளியிலிருந்து யாராலும் திறக்க முடியாது.

“இவ்ளோ செய்றீங்களே, உங்களுக்குன்னு என்ன ஆசை?” என்று ஒருநாள் கேட்டேன். சிரித்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். உட்கார்ந்துவிட்டார். “சார், நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல களைப்பு இல்லாமப் பேசினதே கெடையாது. எனக்கு விடிஞ்சா அவளுக்கு டியூட்டி முடியுது. அவ வந்து நிரந்தரமா இருக்கணும். இந்த வண்டிய இழுத்துட்டுப் போயி கடலோரமா எங்கயாவது நிறுத்தணும். அவ தூங்குவா. நான் பக்கத்துல சும்மா இருப்பேன். கண்ண முழிச்சு, ‘இது எந்த ஊருங்க?’ன்னு அவ கேக்கணும் சார். அத ஒருதடவ கேட்டுட்டாப் போதும்.” சொல்லிவிட்டுத் திருப்புளியால் காது குடைய ஆரம்பித்தார். எனக்கு வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் ஏதாவது பேச வேண்டும்போல் இருந்தது.

இந்த டிசம்பரில் மெட்டில்டா வருகிறார், இனித் திரும்பப் போவதில்லை என்ற பேச்சு அடிபட்டதும் தெருவுக்கே தெம்பு வந்துவிட்டது. புத்தாண்டு முடிந்ததும் வேளாங்கண்ணி வரை கடலோரமாகவே ஒரு பயணம். இழுக்கிற வண்டி என்னுடைய பழைய ஜீப். அதற்குக் கொக்கி பொருத்தியதும் அயூப் பாய்தான். வெள்ளோட்டம் பார்த்துவிடுவோம் என்று ஒரு சனிக்கிழமை காலை பொட்டியை மாட்டிக்கொண்டு அகரம்தென் ரோட்டில் கிளம்பினோம். வில்பிரட் முன்னால் என்னோடு உட்கார்ந்திருந்தாலும் கண்ணெல்லாம் பின்னால்தான். ஒரு டீக்கடை தெரிந்ததும், “நிறுத்துங்க சார், நம்ம பலகைல வெச்சே டீ சாப்புடுவோம்” என்றார். ஓரங்கட்டினேன். அவர் இறங்கிப் போய், கதவைப் புதுவீட்டுக் கதவு திறப்பதுபோல் திறந்தார்.

எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் பஸ். ஹாரன் அலற, சக்கரம் கிறீச்சிட, கதவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. கண்டக்டர் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே விட்டுக் கத்தினார்: “யோவ் பெர்சு! இன்னாயா, நடு ரோட்ல கதவத் தொறந்து வுட்டுகினு கீற? சாவறதுக்கு எங்க பஸ்ஸுதான் கெடச்சுதா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டி நிற்பது ரோட்டின் இடது ஓரம். கதவு இருப்பது வலது பக்கம். இறங்குகிற ஆள் நேராகப் போக்குவரத்துக்குள்தான் இறங்க வேண்டும். வேப்பமரத்தடியில் மூன்று வருடம் நின்ற வண்டிக்கு இடதென்ன, வலதென்ன? யாரும் யோசிக்கவேயில்லை. வில்பிரட் கதவை மூடினார். அது மெத்தென்று மூடியது. டீ குடிக்காமலே திரும்பிவிட்டோம்.

மறுநாள் அயூப் பாய் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “நான் அன்னிக்கே கேட்டேன் சார், இந்தப் பக்கமா டோர் வரணும்னு. படத்துல எப்டி கீதோ அப்டியே போடுங்க பாய்னு நீங்கதான் சொன்னீங்க.”

“ஆமா பாய். மெட்டில்டா கிட்டயும் காட்டினேனே. கரெக்டாதான் இருக்குன்னு சொன்னாளே” என்றார் வில்பிரட். சொல்லிவிட்டு அவரே நெற்றியில் தட்டிக்கொண்டார். அமெரிக்காவில் போலவே மஸ்கட்டிலும் வண்டிகள் ரோட்டின் வலது ஓரத்தில்தான் போகின்றன. இத்தனை வருடமும் ஆஸ்பத்திரி பஸ்ஸில் வலது பக்கம் ஏறி இறங்கியவர் மெட்டில்டா. அவர் கண்ணுக்கு அது சரியாகப் பட்டது. மெட்டில்டா சரி என்று சொன்னதால் இவருக்கும் சரியாகப் பட்டது. கூட இருந்திருந்தால், ஒருநாள் சேர்ந்து தாம்பரம் பஸ்ஸில் ஏறியிருந்தால், இரண்டு பேரில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும்.

“இந்தப் பக்கத்த அடைச்சு அந்தப் பக்கம் வெட்டணும் சார். சட்டம் புதுசா அடிக்கணும். பட்டறைக்கு இட்டுகினு போனா பொங்கலுக்கு முன்னாடி ஆவாது” என்றார் அயூப் பாய். நான் ஒரு யோசனை சொன்னேன்: மைதானமாகப் பார்த்து நிறுத்துவோம், கதவைத் திறக்கும்போது நான் ரோட்டுப் பக்கம் நின்று பார்த்துக்கொள்கிறேன். வில்பிரட் தலையை ஆட்டி மறுத்தார். “அவ நைட் டியூட்டி ஆளு சார். தூக்கக் கலக்கத்துல எழுந்து, எந்தப் பக்கம்னு பாக்காம இறங்கிடுவா.” பயணம் அந்த வார்த்தையோடு முடிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை போனில் மெட்டில்டா இன்னொன்றும் சொன்னார். சுஜி படிப்பு முடிகிற வரைக்கும், இன்னும் இரண்டு வருடம் ஒப்பந்தத்தை நீட்டிப் போட்டாகிவிட்டது. இப்போது வருவது லீவுக்குத்தான். பொங்கலுக்கு முன்னால் திரும்ப வேண்டும். வில்பிரட் இதை என்னிடம் சொன்னபோது காந்தத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். “பரவால்ல சார். கதவ மாத்த டைம் கெடச்சுது” என்றார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

ஆனால் பட்டறைக்கு உடனே அனுப்பவில்லை. மெட்டில்டா வந்து போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, என் ஜீப்பைக் கேட்டு வாங்கி, டிரெய்லரைத் திருப்பி நிறுத்தினார். இப்போது கதவு காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து இருக்கிறது. கேட்டிலிருந்து பார்த்தால் வெறும் தகரப் பெட்டிதான் தெரியும். உள்ளே ஆள் இருப்பது யாருக்கும் தெரியாது.

மெட்டில்டா வந்த மறுநாள் மதியம் அவரைக் கூட்டிப் போய்க் காட்டினார். நானும் கூடப் போனேன். மெட்டில்டா என் நினைவில் இருந்ததைவிடவும் குள்ளம். கண்ணைச் சுற்றிக் கருவளையம். கைப்பிடி, பலகை, வலை, தொங்கும் ஜீன்ஸ் பை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எதற்கும் எம்ப வேண்டியிருக்கவில்லை. உள்ளே ஏறி நின்றுகொண்டு பித்தளையில் விரல் வைத்தார்.

“ஏங்க, இதப் போட்டா யாராலயும் திறக்க முடியாதா?”

“என்னாலயே முடியாது மெட்டி.”

“போட்டுக்கட்டுமா?”

வில்பிரட் தரையில் நின்றிருந்தார். உள்ளே இரண்டு பேருக்கான மெத்தை தெரிந்தது. ஓர் எட்டு பின்னால் தள்ளி நின்றார். “போடு” என்றார்.

கதவு மூடியது. தாழ்ப்பாள் போய் உட்காரும் சத்தம் எனக்கே கேட்டது.

கொஞ்ச நேரத்தில் எங்கள் தெரு சரோஜினி டீச்சர் கையில் சுகர் ரிப்போர்ட்டோடு கேட்டைத் திறந்தார். வில்பிரட் ஓடிப் போய், “மெட்டில்டா குரோம்பேட்டை வரைக்கும் போயிருக்கா டீச்சர். வர லேட்டாகும்” என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். காது இரண்டும் சிவந்துவிட்டன. அடுத்து சபையிலிருந்து நாலு பேர் கேக்கோடு வந்தார்கள். அவர்களுக்கும் குரோம்பேட்டைதான்.

மாலை நாலரை மணி இருக்கும். எவர்சில்வர் டம்ளர் இரண்டில் டீ போட்டு, ஆவி பறக்க எடுத்துக்கொண்டு வந்தார். மழைக்குச் சேறாகாமலிருக்க டிரெய்லரைச் சுற்றிக் கருங்கல் ஜல்லி கொட்டியிருந்தது; செருப்புக் காலோடு அதில் இரண்டு எட்டு வைத்ததும் நறநறவென்று சத்தம் எழுந்தது. அப்படியே நின்றுவிட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குறட்டை வந்துகொண்டிருந்தது. இரண்டு கையிலும் டம்ளர். நின்ற இடத்திலேயே ஒரு செருப்பைக் கழற்றிவிட்டார், பிறகு மற்றொன்றையும். முகத்தைச் சுளித்துக்கொண்டு, கூர்க்கல் குத்தக் குத்த, இரண்டு டம்ளரும் சிந்தாமல் வெறுங்காலோடு வந்த வழியே திரும்பி நடந்தார்.