லோரியில் வந்த சைக்கிள்

இன்று காலை கோலா சிலாங்கூர் கேசட் கடை முன்னால், ஈப்போ ஊரிலிருந்து வந்த லோரியிலிருந்து ஒரு சைக்கிளை இறக்கினார்கள்.

பஸ்ஸில் முன்னதாகவே வந்து, கடைப்படியில் உட்கார்ந்து காத்திருந்த ஓர் அக்காவுடையது அது.

"ஏன்கா இவ்ளோ தூரம் ஏத்திவிட்டீங்க? ஊர் சுத்த இங்கயே வாடகைக்கு எடுக்கலாம் லா," என்றேன்.

அவர் சிரித்தார். "வாடகை சைக்கிளெல்லாம் ரெண்டு காலுக்குத்தான் தம்பி."

அப்போதுதான் பார்த்தேன். அவருடைய இடது கால் முழங்காலோடு முடிந்திருந்தது. சைக்கிளிலும் ஒரே பெடல். அதில் பாதத்தை மாட்ட ஒரு தோல்வார்.

ஊன்றுகோலைக் கம்பியோடு கட்டினார். தூணைப் பிடித்து ஏறினார். கம்போங் குவாந்தான் பாதையில் கொஞ்சமும் ஆடாமல் போனார். மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அசாம் ஜாவா ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். இடமிருந்தும் உட்கார மனம் வரவில்லை.

நீங்களாக இருந்தால் உட்கார்ந்திருப்பீர்களா?