சோற்றுக்குக் காவல்

பின்சீட்டில் பெரியப்பா புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார். காரை ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்த நல்லெண்ணெய் வாசனை பழைய பயணத்தை நினைவூட்டியது.

எழுபதுகளில் ஒரு மே லீவு. திருவனந்தபுரம் சாலை பஜாரிலிருந்து அவருடைய பழைய அம்பாசிடரில் எட்டுப் பேர் பாண்டிச்சேரிக்குப் போனோம். ஓட்டல் செலவு கூடாதென்று வழியெல்லாம் புளியோதரைதான். பிரெஞ்சு பேசும் ஊருக்குப் போவதாகப் பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றியிருந்தேன். கடற்கரை வந்ததும், "டிக்கி பூட்டாது. நீயும் அம்மையும் சோத்துக்குக் காவல் இருங்க" என்றார் பெரியப்பா. அப்பா இறந்தபின் அவர் தயவில் இருந்த அம்மா தலையாட்டினாள். அவருடைய பிள்ளைகள் காலெல்லாம் மணலும் கையில் முழ நீள ரொட்டியுமாகத் திரும்பினார்கள்.

இத்தனை வருஷம் கழித்து இன்று, திருவனந்தபுரத்துச் சங்குமுகம் கடற்கரையில் என் காரை நிறுத்தினேன். "இறங்கலாமா மோளே?" என்றார் பின்சீட்டிலிருந்த பெரியப்பா.

முன்சீட்டிலிருந்து அம்மாவைக் கைப்பிடித்து இறக்கினேன்.

"நீங்க இருங்க பெரியப்பா. சோத்துக்குக் காவல் வேணும்லா?"